1780 என்று பொறித்த நாணயம்: விற்றவர் எதற்குப் பொறுப்பு, வாங்கியவர் எதற்குப் பொறுப்பு?

கேள்வி: ‘1780இல் அச்சடிக்கப்பட்ட அசல் வெள்ளி நாணயம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து, இணையத்தில் மரியா தெரசா தாலர் ஒன்றை வாங்கினேன். எடை சரியாக இருக்கிறது. ஆனால், அது பிற்காலத்து நாணயம் என்று அனுபவமுள்ள சேகரிப்பாளர் ஒருவர் சொல்கிறார். விற்றவரோ, ‘படத்தைப் பார்த்துத்தானே வாங்கினீர்கள், திரும்பப் பெற முடியாது’ என்கிறார். இதற்கிடையில், எழுத்துகள் தெளிவாகத் தெரியட்டும் என்று ஒரு பக்கத்தைப் பற்பசையால் துடைத்தும் விட்டேன். இந்தப் போலி நாணயத்துக்கு யார் பொறுப்பு?

பதில்: முதலில் ‘போலி’ என்ற சொல்லைச் சற்று ஒதுக்கி வையுங்கள், அந்தச் சொல்லோடு புகார் கொடுத்தால் உங்கள் நியாயமான வழக்கே வலுவிழந்துவிடும். ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசி மரியா தெரசா மறைந்த ஆண்டு 1780. அந்த ஆண்டைத் தாங்கிய தாலர் என்ற அவரது வெள்ளி நாணயம் செங்கடல் கரையோர வணிகத்திலும் எத்தியோப்பியாவிலும் அவ்வளவு நம்பிக்கை பெற்றிருந்ததால், ஆண்டை மாற்றாமலே அதைத் தொடர்ந்து அச்சடித்து வந்தார்கள். வியன்னா மட்டுமல்லாமல் ரோம், லண்டன், பாரிஸ், பம்பாய் நாணயச்சாலைகளிலும் அது அச்சாகியிருக்கிறது. ஆகவே, உங்கள் கையில் இருப்பது முறையான நாணயச்சாலையில் அச்சான உண்மையான வெள்ளியாக இருந்தும், 1780இல் அச்சாகாத மறுஅச்சாக இருக்கலாம். நாணயத்தில் பேரரசியின் மார்பளவு உருவத்துக்குக் கீழே காணப்படும் ‘எஸ்.எஃப்.’ என்ற எழுத்துகள் (நாணயச்சாலை அதிகாரிகள் இருவரின் பெயர் முதலெழுத்துகள்) மறுஅச்சுகளிலும் இருப்பதால், அவற்றை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. பேரரசியின் உடையில் குத்தியிருக்கும் பதக்கத்தின் முத்துகளின் எண்ணிக்கை, நாணயத்தின் மறுபக்கத்தில் உள்ள கழுகின் வால் இறகுகளின் அமைப்பு ஆகியவற்றை ஒப்பிட்டுத்தான் அச்சான இடத்தையும் காலத்தையும் வல்லுநர்கள் பிரித்தறிகிறார்கள்.

இங்கேதான் விற்றவரின் பொறுப்பு தொடங்குகிறது. ‘1780 என்று பொறிக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தால் அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்; ‘1780இல் அச்சடிக்கப்பட்டது’ என்று எழுதியிருப்பதால், அந்தக் கூற்றுக்கு அவரே பொறுப்பு. தமக்கு அந்த வேறுபாடு தெரியாது என்று அவர் சொன்னால் ஏமாற்றும் நோக்கம் இல்லை என்று நாம் கொள்ளலாமே தவிர, பணத்தைத் திருப்பித் தரும் கடமை அதனால் நீங்கிவிடாது என்பதே என் உறுதியான கருத்து. படத்தைப் பார்த்து வாங்கினீர்கள் என்ற வாதமும் இதற்குப் பொருந்தாது. படம் காட்டக்கூடியது நாணயத்தின் தோற்றத்தை. அது எப்போது அச்சானது என்பதை எழுத்து மட்டுமே உங்களுக்குச் சொன்னது. தொழில்முறை நாணய வணிகர்களுக்காக 1951இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுச் சங்கத்தின் உறுப்பினர்கள், தாங்கள் விற்கும் நாணயங்களின் உண்மைத்தன்மைக்கு உத்தரவாதம் தருகிறார்கள். தனிநபராக விற்பவர் அதே அளவு அறிவுடன் இருக்க வேண்டியதில்லை என்றாலும், அறியாத ஒன்றை உறுதியாக எழுதாமல் இருக்க அவராலும் முடியும்.

இனி உங்கள் பக்கம். பற்பசையில் இருக்கும் நுண்துகள்கள் உலோகத்தை உராய்ந்து மயிரிழைக் கீறல்களை உண்டாக்கும். அந்தக் கீறல்களை எவராலும் போக்க முடியாது. திருப்பி அனுப்பப்படும் பொருள் வந்த நிலையிலேயே இருக்க வேண்டும் என்று விற்றவர் கேட்பது நியாயம். எனவே, நீங்கள் துடைத்ததை மறைக்காமல் முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். அதற்காக விலையில் ஒரு பகுதியை அவர் கழித்துக்கொள்வதையும் நீங்கள் ஏற்க வேண்டியிருக்கலாம். மறைத்துவிட்டுப் பிறகு அவர் கண்டுபிடித்தால், நாணயத்தையே மாற்றி அனுப்பிவிட்டீர்கள் என்ற சந்தேகம் எழும். அதற்குப் பின் சமரசத்துக்கு இடமே இருக்காது.

எடை சரியாக இருப்பது நல்ல அறிகுறி, ஆனால் அது போதாது. இந்தத் தாலரின் எடை 28.07 கிராம், ஆயிரத்தில் 833 பங்கு வெள்ளி, மீதி செம்பு. நுண்தராசின் மேல் நீர் நிறைந்த சிறு கிண்ணத்தை வைத்து அளவைப் பூஜ்யமாக்கிக்கொண்டு, நாணயத்தை நூலில் கட்டி, கிண்ணத்தின் அடியைத் தொடாதபடி நீரில் முழுவதும் மூழ்கவிடுங்கள். தராசு ஏறத்தாழ 2.75 கிராம் காட்டினால் வெள்ளியின் அளவு சரியாக இருப்பதாகக் கொள்ளலாம். அதே எடையுள்ள பித்தளையாக இருந்தால் 3.3 கிராம் அளவுக்குக் காட்டும். காந்தம் ஒட்டவில்லை என்பதை மட்டும் நம்ப வேண்டாம், ஏனெனில் செம்பும் பித்தளையும் கூடக் காந்தத்தில் ஒட்டுவதில்லை. விளிம்பையும் பாருங்கள்: பேரரசியின் குறிக்கோளான ‘நீதியும் கருணையும்’ என்ற பொருள்தரும் லத்தீன் வாசகம் அங்கே புடைப்பாக இருக்க வேண்டும், வார்ப்பில் செய்த போலிகளில் அதே இடத்தில் மெல்லிய இணைப்புக்கோடு ஓடுவதுண்டு.

விளம்பரப் பக்கத்தையும் அவருடன் நடந்த உரையாடலையும் அவை நீக்கப்படும் முன் இன்றே சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு, விளம்பரத்தின் வாசகத்தை அப்படியே எடுத்துக்காட்டி, மறுஅச்சு என்று அறிந்த விதத்தையும் விளக்கி, பதிலுக்கு ஒரு நாளைக் குறித்து எழுதுங்கள். அவர் மறுத்தால் விற்பனைத் தளத்திடமோ, பணம் செலுத்திய வங்கியிடமோ ‘விளக்கத்துக்கு மாறான பொருள்’ என்ற தலைப்பில் முறையிடலாம். இதற்கான கால வரம்பு தளத்துக்குத் தளம், நாட்டுக்கு நாடு மாறும். பல இடங்களில் அது சில வாரங்களே என்பதால் தாமதிக்க வேண்டாம். திருப்பி அனுப்பும்போது நாணயத்தின் இரு பக்கங்களையும் விளிம்பையும் படமெடுத்து, எடையைக் குறித்து, காப்பீடு செய்த அஞ்சலில் அனுப்புங்கள்.

பணம் திரும்பாமல் நாணயம் உங்களிடமே தங்கி, பின்னொரு நாள் அதை விற்க நேர்ந்தால், விளம்பரத்தில் இப்படி எழுதுங்கள்: ‘1780 என்று பொறித்த மரியா தெரசா தாலர், பிற்கால மறுஅச்சு, எடை 28.07 கிராம், ஒரு பக்கம் பற்பசையால் துடைக்கப்பட்டது, கீறல்கள் தெரியும்படி சாய்ந்த ஒளியில் எடுத்த படம் இணைக்கப்பட்டுள்ளது.’