பூட்டை மாற்றலாமா?

கேள்வி: என் வீட்டில் குடியிருப்பவர்கள் ஐந்து மாதமாக வாடகை தரவில்லை. குடும்பத் தலைவருக்கு வேலை போய்விட்டதாம். இரண்டு பள்ளிப் பிள்ளைகள். தண்ணீரை நிறுத்திவிட்டு, அவர்கள் வெளியே போன நேரம் பார்த்துப் பூட்டை மாற்றிவிட்டால் என்ன? என் வீடுதானே?

பதில்: உங்கள் வீடுதான். ஐந்து மாத வாடகையும் உங்களுக்குச் சேர வேண்டிய பணம்தான். வீட்டுக்காரர் என்றாலே வசதியானவர் என்று நினைப்பது தப்பு. அந்த வாடகையை வைத்துத்தான் உங்கள் கடன் தவணையே ஓடலாம். ஆனாலும் பூட்டில் கை வைக்காதீர்கள். பல நாடுகளில் அது சட்டவிரோதம். இன்றைக்கு அவர்கள் பாக்கிக்காரர்கள், நீங்கள் புகார்தாரர். பூட்டை மாற்றினால் அது அப்படியே தலைகீழாகிவிடும்.

1954 பிப்ரவரி 1. பாரிஸில் கடுங்குளிர். அபே பியேர் என்ற பாதிரியார் வானொலியில் ஒரு செய்தியைச் சொன்னார்: அன்று விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு பெண் நடைபாதையில் விறைத்துச் செத்துக்கிடந்தாள், முந்தாநாள் அவளை வீட்டைவிட்டு வெளியேற்றிய காகிதம் அவள் கையில் இருந்தது. நாடே அதிர்ந்தது. 1956-ல் பிரான்ஸ் குளிர்கால வெளியேற்றத்துக்குத் தடை கொண்டுவந்தது. இன்றும் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, சில விதிவிலக்குகள் தவிர, யாரையும் வெளியேற்ற முடியாது. அந்தக் காகிதம் சட்டப்படி சரியானதாகவே இருந்திருக்கலாம். நீங்கள் யோசிப்பதோ அந்தக் காகிதம்கூட இல்லாத வெளியேற்றம்.

தக்க காரணமின்றித் தொடர்ந்து வாடகை தராதவரை வெளியேற்றுவது நியாயமாக இருக்கலாம் என்று ஐ.நா. குழு ஒன்றே 1997-ல் சொல்லியிருக்கிறது. ஆனால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், சட்ட வழியில் செய்ய வேண்டும், இரவில் கூடாது என்கிறது.

சரி, என்ன செய்யலாம்? அவரை உட்காரவைத்துப் பேசுங்கள், பிள்ளைகள் எதிரில் வேண்டாம். வேலை கிடைக்கும் நிலை இருந்தால் பாக்கியைத் தவணையாகப் பிரித்து எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வழியே இல்லையென்றால், முன்பணத்தில் கழித்துக்கொண்டு, மீதியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது காலி செய்ய ஒரு தேதி வாங்குங்கள். வழக்கு நடக்கும் மாதங்களிலும் வாடகை வரப்போவதில்லை, வக்கீல் செலவு வேறு. கணக்குப் போட்டுப் பார்த்தால் விட்டுக்கொடுப்பது பல நேரம் லாபம். அந்தத் தேதியும் தாண்டினால் தயங்காமல் நோட்டீஸ் அனுப்பி நீதிமன்றம் போங்கள்; அதில் ஒரு பாவமும் இல்லை.

தேதி குறிக்கும்போது, பிள்ளைகளுக்குப் பரீட்சை எப்போது முடிகிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.