ஃப்ரேகேயைத் தாண்டியாகிவிட்டதா?

அன்புள்ள ஐயா,

ஓராண்டாக மொழித் தத்துவம் படிக்கிறேன். ஆசிரியர் கிடையாது, கூடப் படிப்பவர்களும் இல்லை. ‘அர்த்தம் என்பது என்ன’ என்பதற்கு வந்த கோட்பாடுகளை அட்டவணை போட்டு வைத்திருக்கிறேன்: சொன்னவர், சொன்னது, மறுத்தவர். பெயர்களின் அர்த்தம் பற்றி ஃப்ரேகே சொன்னதை க்ரிப்கி முறியடித்தார். ‘பயன்பாடே அர்த்தம்’ என்று சொல்லி எல்லோரையும் விட்கென்ஸ்டைன் முடித்துவைத்தார். இந்தப் புரிதல் சரியா? தருக்கம் கற்காமல் மேலே போக முடியுமா? இதையெல்லாம் தொல்காப்பியர் எப்போதோ சொல்லிவிட்டார் என்கிறார் ஒரு நண்பர். அடுத்து யாரைப் படிக்கலாம்? சில இரவுகளில் எதுவுமே புரியவில்லை என்று தோன்றுகிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சின்னக் கேள்விகளை முதலில் தள்ளிவிடுகிறேன். தருக்கம் வேண்டும். ‘எல்லாம்’, ‘சில’ வரும் வாக்கியங்களைக் குறியீட்டில் எழுதத் தெரிந்தால் இப்போதைக்குப் போதும். அதுகூட இல்லாமல் வர்ணனைச் சொற்றொடர்களைப் பற்றி ரஸ்ஸல் எழுதிய 1905ஆம் ஆண்டுக் கட்டுரைக்குள் கால்வைக்க முடியாது. சொல் தன் பொருளையும் காட்டும், தன்னையும் காட்டும் என்று ‘பொருண்மை தெரிதலும் சொன்மை தெரிதலும்’ எனத் தொல்காப்பியர் பிரித்தது கூர்மையான பார்வைதான். ஆனால் யார் முந்தி என்ற பந்தயத்தில் எனக்கு ஆர்வமில்லை. உங்கள் நண்பர் அந்த நூற்பாவைப் பற்றி யோசித்துப் பத்து வரி எழுதினால் அனுப்புங்கள், படிக்கிறேன்.

அப்புறம் அந்த அட்டவணை. விட்கென்ஸ்டைன் 1951இல் இறந்துபோனார். ஃப்ரேகேயை முறியடித்ததாக நீங்கள் சொல்லும் உரைகளை க்ரிப்கி ஆற்றியது 1970இல். இறந்தவர் எழுந்துவந்து எல்லோரையும் முடித்துவைக்கிறார் என்றால் அட்டவணை போட்டவர் எதையும் படித்துப் போடவில்லை என்றுதான் அர்த்தம். ‘பயன்பாடே அர்த்தம்’ என்று எல்லோரும் மேற்கோள் காட்டும் வரி, விட்கென்ஸ்டைன் இறந்தபின் 1953இல் வந்த அவருடைய நூலின் 43ஆவது பத்தியில் இருக்கிறது. பெரும்பாலான இடங்களுக்கு இது பொருந்தும், எல்லா இடங்களுக்கும் அல்ல என்று அதே வாக்கியத்தில் அவரே சொல்கிறார். அந்தப் பாதியை வெட்டிவிட்டுத்தான் ஊர் முழுக்கப் பேசுகிறார்கள். நீங்களுமா?

நான் இதைப் படிக்கத் தொடங்கிய காலத்தில் கூட ஒரு நண்பன் இருந்தான். ஃப்ரேகேயின் 1892ஆம் ஆண்டுக் கட்டுரையில் முதல் பத்தியைத் தாண்டவே விடமாட்டான். “இரு, எனக்கு இது இன்னும் பிரச்சினையாவே தெரியல” என்பான். பிரச்சினையாகத் தெரியாத ஒன்றுக்கு விடையைப் படித்து என்ன ஆகப்போகிறது என்பது அவன் கட்சி. எனக்கோ எரிச்சலாக வரும். இன்றுவரை யாராவது ‘கோட்பாடு’ என்று தொடங்கினால் என் காதில் விழுவது அவன் குரல்தான்.

நீங்களும் அந்த முதல் பத்தியில் கொஞ்சம் உட்காருங்கள். ‘விடிவெள்ளி விடிவெள்ளியே’ என்கிறேன். கண்ணை மூடிக்கொண்டே ஒத்துக்கொள்வீர்கள். ‘விடிவெள்ளியும் அந்திவெள்ளியும் ஒன்றே’ என்கிறேன். இதை ஒத்துக்கொள்ள யாரோ வானத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டிருக்க வேண்டும். இரண்டு பெயரும் ஒரே கோளைத்தான் குறிக்கின்றன. பெயரின் அர்த்தம் அது குறிக்கும் பொருள் மட்டுமே என்றால் இரண்டு வாக்கியமும் ஒரே செய்தியைச் சொல்ல வேண்டும். சொல்லவில்லையே! அந்த உபரி எங்கிருந்து வந்தது? பொருள் நமக்குத் தோற்றம் தரும் விதமும் சொல்லில் இருக்கிறது என்றார் ஃப்ரேகே.

க்ரிப்கி கேட்டது இது: அந்த விதம் ‘அலெக்சாண்டரின் ஆசிரியர்’ போன்ற ஒரு வர்ணனை என்றால், அரிஸ்டாட்டில் ஆசிரியர் வேலைக்கே போகாமல் இருந்திருந்தால்? அப்போதும் அவர் அரிஸ்டாட்டில்தானே? ஆக, வர்ணனை கழன்றுவிழுந்தாலும் பெயர் ஆளை விடுவதில்லை. பலமான அடி, மறுக்கவில்லை. உங்கள் அட்டவணை இங்கே ‘முறியடித்தார்’ என்று எழுதிக் கோடு போட்டுவிடுகிறது. சரி, வெள்ளி என்ன ஆயிற்று? வர்ணனையைத் தூக்கி எறிந்த பிறகு அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் என்ன வித்தியாசம் மிச்சம்?

1979இல் க்ரிப்கியே இந்த இடத்துக்குத் திரும்பி வருகிறார். பியேர் என்ற கற்பனை ஆள். பிரான்சில் இருந்தபோது லண்டனைப் பற்றிக் கேள்விப்பட்டு, ‘அழகான நகரம்’ என்று பிரெஞ்சில் நம்புகிறான். பிறகு லண்டனிலேயே ஓர் அழுக்கான பகுதியில் குடியேறுகிறான். அக்கம்பக்கத்தாரிடம் கேட்டுக் கேட்டு ஆங்கிலம் கற்று, ‘இந்த நகரம் அழகில்லை’ என்று அதில் சொல்கிறான். இரண்டு பெயரும் ஒரே ஊருக்கு என்பது அவனுக்குத் தெரியாது. பழைய நம்பிக்கையையும் விடவில்லை. அவன் முட்டாள் இல்லை, தன்னோடு தானே முரண்படுவதாக அவனுக்குத் தெரிய வழியும் இல்லை. லண்டன் அழகானது என்று பியேர் நம்புகிறானா, இல்லையா? க்ரிப்கி விடை சொல்லவில்லை. எந்த ஒரு கோட்பாட்டின் தலையிலும் பழியைப் போட்டுத் தப்பிக்க முடியாது என்று காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். முறியடித்தவர் செய்கிற வேலையா இது?

துணையில்லாமல் இதைப் படிப்பது எவ்வளவு வறட்சி என்று எனக்குத் தெரியும். பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்றுதான் அட்டவணை போட்டிருக்கிறீர்கள். அதற்காக உங்கள்மேல் கோபமில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் தத்துவம் படிக்கிறவராகத் தெரிந்தது அந்தக் கடைசி வரியில் மட்டும்தான்.

அடுத்து யாரைப் படிக்கலாம் என்றீர்கள். யாரையும் வேண்டாம், ஒரு மாதத்துக்கு. பியேர் எதை நம்புகிறான் என்று அரைப் பக்கம் எழுதி அனுப்புங்கள். அதில் ஒரு தத்துவவாதியின் பெயரும் வரக்கூடாது. வந்தால் படிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.