பாதி சீரமைத்த 1966 ஃபோர்டு வேகன்: முடித்து விற்பதா, இருக்கும் நிலையிலேயே விற்பதா?

கேள்வி: அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டியர்பார்ன் அருகே வசிக்கும் பொறியாளர் நான். நான்கு ஆண்டுகளுக்கு முன் 1966-ஆம் ஆண்டு ஃபோர்டு கன்ட்ரி ஸ்க்வயர் ஸ்டேஷன் வேகன் (கூரை பின்முனை வரை நீளும் குடும்பக் கார்) ஒன்றை 7,500 டாலருக்கு வாங்கினேன். எஞ்சின், பிரேக், எரிபொருள் குழாய்கள், தரைத்தகடு வெல்டிங் என இதுவரை 17,000 டாலர் செலவாகியிருக்கிறது. அதில் 9,000 டாலர் 22 சதவீத வட்டியில் கிரெடிட் கார்டு பாக்கியாக நிற்கிறது. பானெட்டும் இரண்டு கதவுகளும் பிரைமரோடு (அடிப்பூச்சோடு) நிற்கின்றன. பெயின்ட், மரத்தோற்ற வினைல், இருக்கைகள், குரோம் ஆகிய வேலைகளுக்குப் பட்டறை 26,000 டாலரும் 14 மாத அவகாசமும் கேட்கிறது. முழுதும் முடித்த இதே மாடல் வண்டிகள் 40,000 டாலரை ஒட்டி விலைபோவதைப் பார்க்கிறேன். இப்போதுள்ள நிலையில் ஒருவர் 16,000 டாலருக்குக் கேட்கிறார். 8,500 டாலரை இழந்து விற்க மனம் வரவில்லை. வீட்டின் மீது 8.5 சதவீத வட்டியில் கடன் எடுத்து, வேலையை முடித்துவிட்டு விற்கலாமா? மகள் அடுத்த ஆண்டு கல்லூரியில் சேர்கிறாள்.

பதில்: கடன் எடுக்காதீர்கள், வண்டியை இப்போதுள்ள நிலையிலேயே விற்றுவிடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. நான்கு ஆண்டுகள் உழைத்துப் பாதி உயிர்ப்பித்த ஒரு வண்டியைப் பற்றி இப்படிச் சொல்வது எளிதன்று என்பதை உணர்ந்தே சொல்கிறேன்.

நீங்கள் இதுவரை போட்ட 24,500 டாலர், எந்த முடிவை எடுத்தாலும் திரும்பி வராத பணம். ஆகவே அது இந்தக் கணக்கில் இடம்பெறக் கூடாது. இன்றிலிருந்து போடப்போகும் ஒவ்வொரு டாலரும் விற்பனை விலையை ஒரு டாலருக்கு மேல் உயர்த்துமா என்பது மட்டுமே கேட்கத் தகுந்த கேள்வி. முடித்த வண்டி 40,000 டாலருக்கு விற்றால், ஏலக் கட்டணம், வண்டியை ஏற்றி அனுப்பும் செலவு என 2,500 டாலரும், பட்டறைக்கு 26,000 டாலரும் போக, கையில் நிற்பது 11,500 டாலர். கடனைத் தவணை தவணையாக எடுத்தாலும் 14 மாத வட்டி 1,500 டாலரை நெருங்கிவிடும் என்பதால், உண்மையில் கிடைப்பது ஏறத்தாழ 10,000 டாலர்தான். இன்று ஒருவர் தரத் தயாராக இருப்பதோ 16,000 டாலர். அதாவது வேலையை முடித்து விற்றால், இப்போதைய இழப்போடு இன்னும் 6,000 டாலர் சேரும். இன்று விற்பதற்கு ஈடாக வேண்டுமென்றால்கூட வண்டி 46,000 டாலருக்குப் போக வேண்டும்.

இந்தக் கணக்கும் பட்டறையின் மதிப்பீடு அப்படியே நிற்கும் என்ற நம்பிக்கையின் மேல் போட்டதுதான். பழைய வண்டியின் உடல்வேலையில் அது அரிதாகவே நிற்கும். பெயின்டைச் சுரண்டிய பிறகுதான் அடியில் இருக்கும் துரு கண்ணுக்குத் தெரியும். குளிர்காலம் முழுவதும் சாலையில் உப்பு தூவப்படும் மிச்சிகனில் பல ஆண்டுகள் ஓடிய வண்டி என்றால், பின்பக்கச் சக்கர வளைவுகளிலும் பின்கதவின் கீழ் விளிம்பிலும் அது காத்திருக்கும். மதிப்பீடு 20 சதவீதம் கூடினாலே இன்னும் 5,200 டாலர் போய்விடும்.

ஸ்டேஷன் வேகனுக்கென்றே ஒரு தனிச் சிக்கலும் உண்டு. அதே ஆண்டின் ஃபோர்டு மஸ்டாங் காருக்கு ஏறக்குறைய எல்லா உதிரிபாகங்களும் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. கன்ட்ரி ஸ்க்வயரின் முன்பகுதிக்கும் எஞ்சினுக்கும் வேண்டியவற்றை மற்ற ஃபோர்டு கார்களோடு பகிர்ந்துகொள்ளலாம்; நீங்கள் இதுவரை முடித்த வேலைகள் பெரும்பாலும் அந்தப் பகுதியைச் சேர்ந்தவை. இனி மீதமிருப்பவற்றில் பல வேகனுக்கு மட்டுமே உரியவை. பக்கவாட்டில் பலகை பதித்ததுபோல் தோன்றச் செய்யும் வினைலும், அதைச் சட்டமிட்டு நிற்கும் வெளிர்நிறப் பட்டைகளும், பின்பகுதியில் ஒன்றையொன்று பார்த்தபடி அமைந்த மடக்கு இருக்கைகளின் உறைகளும், பின்கதவின் ரப்பர்களும் கடையில் கேட்டவுடன் கிடைப்பவை அல்ல. 1966-இல் ஃபோர்டு அறிமுகப்படுத்திய பின்கதவு, பலகைபோல் கீழேயும் இறங்கும், கதவுபோல் பக்கவாட்டிலும் திறக்கும். அதன் கண்ணாடி கதவுக்குள்ளேயே இறங்கிக்கொள்ளும். அந்தக் கீலும் தாழ்ப்பாளும் கண்ணாடி இயக்கமும் ஒன்றோடொன்று ஒத்து வேலைசெய்யும்படி சரிசெய்ய, அனுபவமுள்ள கைகளுக்கே பல மணிநேரம் பிடிக்கும். பட்டறைகள் மணிக்கணக்கில்தான் பணம் வாங்குகின்றன. எளிதான பாதி முடிந்து, விலைமிக்க பாதி மீதமிருக்கும் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வீட்டின் மீது கடன் எடுக்கும் யோசனையை வேறொரு காரணத்துக்காகவும் கைவிட வேண்டும். அந்தக் கடனைக் கொண்டு வீட்டை வாங்கினாலோ, கட்டினாலோ, குறிப்பிடத்தக்க அளவில் மேம்படுத்தினாலோ மட்டுமே அதன் வட்டிக்கு வருமான வரிக் கழிவு கிடைக்கும். கார் வேலைக்குச் செலவிட்டால் கிடையாது. கட்டத் தவறினால் ஆபத்துக்குள்ளாவதோ குடும்பம் குடியிருக்கும் வீடு.

வரியைப் பற்றிய செய்தியும் உங்களுக்கு அவ்வளவு ஆறுதல் தராது. சொந்தப் பயன்பாட்டுக்காக வைத்திருந்த காரை லாபத்துக்கு விற்றால் அந்த லாபத்துக்கு வரி உண்டு; நட்டத்துக்கு விற்றால் அந்த நட்டத்தை எதிலும் கழிக்க முடியாது. ஆகவே உங்கள் 8,500 டாலர் இழப்பு வரிக்கணக்கில் எந்தப் பயனும் தராது. அதேசமயம் 16,000 டாலருக்கு வரியும் இல்லை. ஆனாலும் வாங்கிய ரசீதையும் பட்டறை ரசீதுகளையும் தூக்கி எறிய வேண்டாம். பணம் ஏதேனும் இணையச் சேவை வழியாக வந்து, அதற்காக 1099-கே படிவம் (வந்த தொகையை வரித்துறைக்குத் தெரிவிக்கும் படிவம்) அனுப்பப்பட்டால், அந்தத் தொகை லாபம் அல்ல என்று காட்ட அவைதான் சான்று. உங்கள் சொந்த உழைப்புக்கு நீங்களே ஒரு மதிப்புப் போட்டு அடக்கவிலையில் சேர்க்க வரிச்சட்டம் இடம் தராது. தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்து வரிச்சலுகை பெறலாம் என்று யாரேனும் சொன்னால், நிறுவனம் அந்த வண்டியை விற்றுப் பெறும் தொகைதான் பெரும்பாலும் கழிவின் உச்சவரம்பு என்பதை நினைவில் வையுங்கள். கார்டு கடன் இருக்கும்போது அது உங்களுக்கான வழி அன்று.

விற்பதற்கு முன் எதையுமே செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 16,000 டாலர் கேட்டவர் பின்வாங்கி, வேறொருவரைத் தேட நேர்ந்தால், வண்டி தானாகக் கிளம்பி, ஓடி, பிரேக் பிடித்து நிற்க வேண்டும். இழுத்துச் செல்ல வேண்டிய வண்டியைவிட ஓடும் வண்டிக்கு வாங்குவோர் பலமடங்கு அதிகம். பேட்டரி, டயர், எரிபொருள் தொட்டியைச் சுத்தம் செய்வது, பின்கதவுக் கண்ணாடியை இயங்கவைப்பது ஆகியவற்றுக்கு 1,500 டாலர் வரை செலவிடலாம். பெயின்டில் மட்டும் கைவைக்காதீர்கள். தான் விரும்பும் நிறத்தைத் தானே அடித்துக்கொள்ளத்தான் வாங்குபவர் விரும்புவார். ஆனால் காலம் தாழ்த்தவும் வேண்டாம். பிரைமர் ஈரத்தை உள்ளே விடும் தன்மையுடையது. மேற்பூச்சு இல்லாமல் இன்னொரு மழைக்காலத்தையும் குளிர்காலத்தையும் கடந்தால், நீங்கள் பணம் கொடுத்துச் சுத்தமாக்கிய தகடு மீண்டும் துருப்பிடிக்கும். மிச்சிகனில் பழைய கார்களின் மேல் ஆர்வம் உச்சத்தில் இருப்பது ஆகஸ்டில் உட்வர்ட் அவென்யூவில் நடக்கும் ட்ரீம் குரூஸ் என்ற பழைய கார் விழா வரைதான். ஆகவே வசந்தத்தில் விளம்பரம் செய்யுங்கள். அதற்குள் போகவில்லை என்றால் விலையைக் குறையுங்கள்.

விளம்பரத்தில் குறைகளை முதலில் காட்டுங்கள். வண்டியைத் தூக்கி அடிப்பகுதியை நல்ல வெளிச்சத்தில் படமெடுங்கள். வெல்டிங் செய்த இடத்தையும் செய்யாமல் விட்ட இடத்தையும் தனித்தனியே காட்டுங்கள். கழற்றிய குரோம் பட்டைகளையும் கைப்பிடிகளையும் பெட்டிகளில் போட்டு, எது எங்கே பொருந்தும் என்று எழுதி ஒட்டி, வண்டியோடு சேர்த்தே விற்கவும். அந்தக் காலத்து ஃபோர்டு வின் எண்ணில் (வண்டியின் அடையாள எண்ணில்) ஐந்தாவது இடத்தில் உள்ள எழுத்து, ஆலையில் பொருத்திய எஞ்சின் எது என்பதைச் சொல்லும். 1966-இல் ‘இசட்’ என்றால் நான்கு பேரல் கார்ப்பரேட்டர் கொண்ட 390 கன அங்குல எஞ்சின். உங்கள் வண்டியில் இப்போது இருப்பது அந்த எழுத்தோடு ஒத்துப்போகாவிட்டால், கேட்கும் முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள். அறிந்து வாங்குபவர் எப்படியும் பார்த்துவிடுவார். மறைத்ததாக அவருக்குத் தோன்றினால் உங்கள் மற்ற வார்த்தைகளும் விலை இழக்கும்.

வரும் 16,000 டாலரில் முதல் 9,000 டாலரை அன்றே கார்டு கடனுக்குக் கட்டுங்கள். 22 சதவீத வட்டியை நிறுத்துவதற்கு இணையான, அதே அளவு உறுதியான வேறொரு முதலீட்டை யாராலும் உங்களுக்குக் காட்ட முடியாது. மகளின் கல்லூரிக்கு அரசின் நிதியுதவி கேட்கும் ஃபாஃப்சா விண்ணப்பத்தையும் இதோடு சேர்த்துத் திட்டமிடுங்கள். சொந்தப் பயன்பாட்டுக் காரை அதில் சொத்தாகக் காட்டுவதில்லை. வங்கியில் இருக்கும் பணத்தைக் காட்ட வேண்டும். கார்டு கடனை அதிலிருந்து கழித்துக்கொள்ள முடியாது. பெற்றோரின் சேமிப்பில் அதிகபட்சமாக 5.64 சதவீதம் வரை குடும்பத்தின் பங்காகக் கணக்கிடப்படும் என்பதால் பாதிப்பு பெரிதல்ல. ஆனாலும், எப்படியும் கட்டவேண்டிய கடனை விண்ணப்பிக்கும் நாளுக்கு முன்பே கட்டிவிடுவதுதான் முறை. மீதி 7,000 டாலரை முதலாண்டுச் செலவுக்காகச் சேமிப்புக் கணக்கில் வைத்திருங்கள். ஓராண்டுக்குள் தேவைப்படும் பணம் பங்குச் சந்தைக்குப் போகக் கூடாது.

பணம் வாங்கும் முறையில் கவனமாக இருங்கள். வங்கியே எழுதித் தரும் காசாளர் காசோலை, வங்கியில் போட்ட ஓரிரு நாளில் கணக்கில் வரவாகத் தெரிந்தாலும், போலி என்று தெரிய வாரக்கணக்கில் ஆகலாம். அதற்குள் வண்டி வேறு மாநிலத்துக்குப் போயிருக்கும். வங்கிக்கு வங்கி நேரடிப் பரிமாற்றமாக வாங்குங்கள். அல்லது வாங்குபவரின் வங்கிக் கிளைக்கு உடன் சென்று, உங்கள் கண்ணெதிரே காசோலையை எழுதச் செய்யுங்கள். ரொக்கமாகத் தந்தால் முழுத்தொகையையும் ஒரே தடவையில் வங்கியில் செலுத்துங்கள். 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் வந்தால் வங்கி அரசுக்கு அறிக்கை அனுப்புவது வழக்கமான நடைமுறை, அதைத் தவிர்க்கப் பிரித்துப் போடுவதுதான் குற்றம். பிறகு இருவருமாக, மிச்சிகனில் வாகனப் பதிவைக் கவனிக்கும் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்துக்குச் சென்று உரிமைப் பத்திரத்தை மாற்றிக்கொடுங்கள். நம்பர் பிளேட்டைக் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்திட்ட பத்திரத்தின் நகலையும் விற்பனை ரசீதையும் பட்டறை ரசீதுகளோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். பெயர் மாறும் நாள் வரை காப்பீட்டை ரத்து செய்ய வேண்டாம்.