மேக்ஸ் வேண்டாம், லாஸ்ட் இன்சர்ட் ஐடி போதும்

வணக்கம். செவ்வாய்ப்பேட்டை கொலுசுக் கடைக்கு மைஎஸ்க்யூஎல் (MySQL) என்ற தரவுத்தளத்தில் பில் மென்பொருள் எழுதுகிறீர்கள். பில்லைச் சேர்த்ததும் மேக்ஸ் ஐடி, அதாவது அட்டவணையில் உள்ள மிகப்பெரிய பில் எண்ணைக் கேட்டு, அந்த எண்ணில் உருப்படிகளைப் பதிகிறீர்கள். இரண்டு கவுன்டரும் ஓடும் நேரத்தில் ஒருவர் வாங்கிய கொலுசு இன்னொருவர் பில்லில் ஏறிவிடுகிறது என்கிறீர்கள்.

கோளாறு அந்த மேக்ஸ்தான். நீங்கள் பில்லைச் சேர்ப்பதற்கும் எண்ணைக் கேட்பதற்கும் நடுவில் பக்கத்துக் கவுன்டர் ஒரு பில் போட்டால், அதன் எண்தான் உங்களுக்கு வரும். எடையும் பணமும் புழங்கும் இடம். தயவுசெய்து இன்றே அதை எடுத்துவிடுங்கள்.

பில்லைச் சேர்க்கும் இன்சர்ட் கட்டளை முடிந்ததும், தரவுத்தளத்தோடு உள்ள அதே இணைப்பில், லாஸ்ட் இன்சர்ட் ஐடி என்ற செயற்கூற்றை அழையுங்கள். நீங்கள் சேர்த்த பில்லுக்குத் தானாக விழுந்த எண்ணை அது தரும். மைஎஸ்க்யூஎல் இந்த எண்ணை ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாக வைத்திருக்கிறது. அடுத்தவர் எத்தனை பில் சேர்த்தாலும் உங்கள் எண் மாறாது. இணைப்பை மூடித் திறந்தாலோ, இன்சர்ட்டுக்கு ஒன்றும் எண்ணைக் கேட்க வேறொன்றுமாகப் பயன்படுத்தினாலோ இது உதவாது. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ஒரே இன்சர்ட்டில் பல வரிசைகளைச் சேர்த்தால் முதல் வரிசையின் எண்தான் கிடைக்கும், கடைசியுடையது அல்ல.

கிடைத்த எண்ணை உடனே ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். உருப்படி அட்டவணைக்கும் தானியங்கி எண் இருந்தால், அதில் முதல் வரிசை ஏறியதுமே லாஸ்ட் இன்சர்ட் ஐடி மாறிவிடும். பில்லையும் உருப்படிகளையும், எல்லாம் பதியும் அல்லது எதுவும் பதியாது என்ற வகையில், ஒரே டிரான்சாக்‌ஷனில் அடைத்துவிட்டால், பாதியில் மின்சாரம் போனாலும் அரைகுறை பில் தங்காது.