கடைசியாகச் சாப்பிட்டதா காரணம்?

டாக்டரிடம் கேளுங்கள்

கேள்வி: சனிக்கிழமை இரவு ஒரு விருந்தில் முட்டை, கோழி எல்லாம் சாப்பிட்டோம். ஞாயிறு முழுக்க ஒன்றுமில்லை. திங்கள் காலையில் எனக்கும் மகனுக்கும் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வயிற்றைப் பிசைகிற வலி. ஞாயிறு இரவு குடித்த பால்தான் காரணம் என்று அடித்துச் சொல்கிறார் என் கணவர். அப்படியா?

பதில்: பாலை விட்டுவிடுங்கள் அம்மா, பாவம். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் கடைசியாகச் சாப்பிட்டதைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் வாந்தி பிடித்துக்கொண்டால் அது பெரும்பாலும் வேறு கிருமிகள் உணவில் விட்டுவைத்த நச்சின் வேலை. கோழி, முட்டை வழியாக வரக்கூடிய சால்மோனெல்லா என்கிற பாக்டீரியா அப்படி அவசரப்படாது. குடலுக்குப் போய், அதன் சுவருக்குள் புகுந்து, பெருகி, அதற்கப்புறம்தான் ஆட்டத்தைத் தொடங்கும். 6 மணி நேரத்திலிருந்து 6 நாள் வரைகூட ஆகலாம். உங்கள் கணக்குப்படி சனி இரவு விருந்து அதற்குள் அடங்குகிறது; காய்ச்சலும் கூடவே இருப்பதால் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் மலத்தைக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும்) பரிசோதனைக்கு அனுப்பாமல் நான் சத்தியம் செய்ய மாட்டேன். அங்கே சாப்பிட்ட மற்றவர்களுக்கும் போன் போட்டு விசாரியுங்கள்.

டைஃபாய்டை உண்டாக்குவதும் சால்மோனெல்லா வகைதான் என்பதால் பயந்துவிட வேண்டாம். அது வேறு ரகம், வேறு நோய்.

மலத்தில் ரத்தம், 39 டிகிரி செல்சியஸைத் தாண்டும் காய்ச்சல், குடித்த தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, சிறுநீர் குறைந்து நாக்கு வறளுவது, மூன்று நாளாகியும் நிற்காத போக்கு: இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, 65 வயதைத் தாண்டியவர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் என்றால் இதற்கெல்லாம் காத்திருக்காமல் முதல் நாளே போய்விடுங்கள்.

கேள்வி: போன தடவை மிச்சமான ஆன்டிபயாடிக் மாத்திரை வீட்டில் இருக்கிறது. போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. ஆரோக்கியமான ஆளுக்கு 4 முதல் 7 நாளில் தானாகவே சரியாகிவிடும். தேவையில்லாமல் போடும் மாத்திரையால், கிருமி மலத்தில் வெளியேறும் காலம் நீளவும் கூடும். கிருமி ரத்தத்தில் கலந்தவர்கள், பலவீனமானவர்கள் போன்றோருக்கு அந்த மருந்து தேவைப்படும். அதை எழுதிக்கொடுப்பது டாக்டரின் வேலை. காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருக்கும்போது போக்கை நிறுத்தும் மாத்திரையும் வேண்டாம். ஓஆர்எஸ் (உப்பும் சர்க்கரையும் கலந்த பொடி) கரைசல் போதும். பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் போட்டிருக்கிறதோ அவ்வளவில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். பாதி பாதியாகக் கண்ணளவில் கரைப்பது ஆகாது.

கேள்வி: கோழிக்கறியைக் குழாயடியில் மூன்று தண்ணீர் ஊற்றிக் கழுவித்தான் சமைக்கிறேன். அப்புறம் எப்படிக் கிருமி வரும்?

பதில்: அந்தக் கழுவல்தான் வினை! பச்சைக் கறிமேல் தண்ணீர் வேகமாக விழும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகள் தெறிக்கின்றன. தொட்டியின் விளிம்பு, குழாயின் திருகு, பக்கத்தில் நறுக்கி வைத்த வெள்ளரி என்று எல்லாவற்றிலும் படிகின்றன. கறியில் இருக்கும் கிருமி அடுப்பில் செத்துப்போகும். வெள்ளரியில் போய் உட்கார்ந்தது நேராகத் தட்டுக்கு வரும். கறியைக் கழுவாதீர்கள், கையைக் கழுவுங்கள். சோப்பு போட்டு 20 விநாடி. கறி வெட்டிய கத்தியும் பலகையும் பச்சைக் காய்கறிப் பக்கம் போகவே கூடாது.

வெந்துவிட்டதா என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கறியின் தடித்த பகுதிக்குள்ளே 74 டிகிரி செல்சியஸ் சூடு ஏற வேண்டும். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்காதீர்கள். குளிர்பதனப் பெட்டி கிருமியைக் கொல்லாது, பெருகவிடாமல் அடக்கி வைக்கும், அவ்வளவுதான். உறையவைத்தாலும் கதை அதுவே.

முட்டை இன்னொரு சங்கதி. ஓடு பளபளவென்று இருப்பதில் அர்த்தமில்லை. ஓடு உருவாகும் முன்பே, கோழியின் சினைப்பையில் இருந்தே கிருமி உள்ளே வந்துவிட முடியும். வாசனையோ ருசியோ மாறாது. மஞ்சள் கரு கெட்டியாகும் வரை வேகவிடுங்கள்.

கேள்வி: நான் அசைவமே தொடுவதில்லை. எனக்கு இந்தக் கவலை இல்லைதானே?

பதில்: இருக்கிறது. முளைகட்டிய பயறு, நறுக்கி வைத்த பழம், காய்ச்சாத பால் எதிலும் வரலாம். 1994-ல் அமெரிக்காவில் ஐஸ்கிரீம் சாப்பிட்டு ஏறத்தாழ 2,24,000 பேருக்கு நோய் வந்ததாகக் கணக்கிட்டார்கள். பாஸ்டரைஸ் செய்த, அதாவது சூடாக்கிக் கிருமியைக் கொன்ற ஐஸ்கிரீம் கலவைதான். ஆனால் அது வந்த டேங்கர் லாரிகள் அதற்கு முன் பச்சை முட்டைக் கூழை ஏற்றிப் போனவை.

கேள்வி: குழந்தைக்குக் குட்டி ஆமை வாங்கித் தரலாமா?

பதில்: ஐந்து வயதுக்குக் கீழ் என்றால் வேண்டாம். ஆமை தெம்பாகத்தான் இருக்கும், ஆனால் அதன் குடலில் சால்மோனெல்லா இருக்கலாம். குழந்தைகள் வாயில் வைத்துவிடுகிறார்கள் என்றே 4 அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975-ல் தடை செய்தது. ஏற்கெனவே வீட்டில் இருந்தால், அதன் தொட்டியைச் சமையலறைப் பக்கம் கொண்டுவந்து கழுவாதீர்கள்.