பேச்சைத் தொடங்கிவைக்கும் கேள்வி எது?

கேள்வி: எங்கள் குழுவில் 12 பேர். கூட்டம் தொடங்கும்போது "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். வேறு என்ன கேட்கலாம்?

பதில்: அந்தக் கேள்வி ரொம்பப் பெரியது, எங்கே தொடங்குவது, எதை விடுவது என்று புரியாமல்தான் திகைக்கிறார்கள். 20 நொடியில் பதில் சொல்லக்கூடிய சின்னக் கேள்வியாகக் கேளுங்கள். "இந்த வாரம் புதிதாக என்ன கற்றுக்கொண்டீர்கள்?", "உங்கள் மேசையில் எதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை?" போன்றவை போதும். "மிகவும் பிடித்த" என்று கேட்காதீர்கள். சிறந்ததைத் தேர்ந்தெடுக்க மனம் அலையும். குடும்பம், திருமணம், சம்பளம், உடல்நலம் பக்கமே போக வேண்டாம்.

முதல் பதிலை நீங்களே சொல்லுங்கள். நீங்கள் மூன்று நிமிடம் பேசினால் மற்றவர்களும் அதையே அளவாக எடுத்துக்கொள்வார்கள். ஆகவே இரண்டே வாக்கியம்.

வரிசையாகக் கேட்பதில் ஒரு சிக்கல் உண்டு. தன் முறை நெருங்கும்போது மனம் ஒத்திகையில் இறங்கிவிடுவதால், முந்தையவர் பேசியது காதில் ஏறாது. உளவியல் ஆய்வாளர் மால்கம் பிரென்னர் 1973-இல் இதை ஆய்வில் காட்டினார். 12 பேர் என்றால் இருவர் இருவராகப் பிரித்து 3 நிமிடம் பேசவிடுங்கள். பிறகு விரும்பும் இரண்டு, மூன்று பேர் மட்டும் எல்லோர் முன்பும் சொல்லட்டும். "இந்த முறை வேண்டாம்" என்று ஒதுங்கவும் வழி வையுங்கள்.

அரை மணி நேரக் கூட்டத்தில் இதற்கு 5 நிமிடம் தாராளம். அவசரமான அல்லது கசப்பான விஷயத்தைப் பேசுவதற்காகக் கூடியிருந்தால் அதுவும் வேண்டாம். நேரே விஷயத்துக்கு வாருங்கள்.