தற்பாதுகாப்பா, கொலையா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: சுட்டவன் தன்னைக் காத்துக்கொண்டானா, கொலை செய்தானா? அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அமெரிக்காவில் நடந்த ரிட்டன்ஹவுஸ் வழக்கை முழுக்கப் பார்த்தேன். இங்கேயும் ஒருவர் தற்பாதுகாப்பு என்று சொன்னால், அது பொய் என்று அரச தரப்புத்தானே நிரூபிக்க வேண்டும்? (வெள்ளவத்தை)

இல்லை. இந்தத் தவறான எண்ணத்தோடு கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்கு வந்து ஏமாந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விஸ்கொன்சின் மாநிலத்தில் கெனோஷா நகரில், 2020 ஓகஸ்ட் 25 இரவு, ரிட்டன்ஹவுஸ் என்ற 17 வயது இளைஞர் சுட்டதில் இருவர் இறந்தார்கள், ஒருவர் காயப்பட்டார். 2021 நவம்பர் 19 அன்று ஜூரி அவரை விடுதலை செய்தது. அங்கே தற்பாதுகாப்புக்கு ஓரளவு சாட்சியம் வந்துவிட்டால் போதும். அது தற்பாதுகாப்பு அல்ல என்று நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் காட்டும் பொறுப்பு அரச தரப்பின் மேல் விழும். ஒஹையோ மாநிலம் மட்டும் 2019 வரை அந்தச் சுமையைக் குற்றம் சாட்டப்பட்டவரின் தலையில் வைத்திருந்தது. பிறகு அதுவும் மாறிவிட்டது.

இங்கே இலங்கையில் 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதன் 105ஆம் பிரிவின்படி, தற்பாதுகாப்பு போன்ற விதிவிலக்கைக் கேட்கிறவரே அதை நிரூபிக்க வேண்டும். ஜேம்ஸ் சந்திரசேகர வழக்கில் 1942இலேயே நீதிமன்றம் இதை அறுதியாகச் சொல்லிவிட்டது. நீதிபதி மனதில் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினால் போதாது, பெரும்பாலும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று காட்ட வேண்டும். ஆளைக் கொன்றது இவர்தான் என்பதை அரச தரப்பு நிரூபித்த பிறகு, மிச்சம் உங்கள் பாடு.

அந்தப் பாடு எப்படிப்பட்டது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் எனக்கு ஒரு கட்சிக்காரர் இருந்தார். கத்தியோடு வந்தவனைத் தடுத்தபோது அவருடைய இடது உள்ளங்கையில் நல்ல வெட்டு. வீட்டிலேயே மஞ்சள் வைத்துத் துணியால் கட்டிக்கொண்டார். டொக்டரிடம் போகவில்லை, பொலிஸிலும் கையைக் காட்டவில்லை. சட்ட வைத்திய அதிகாரி பார்த்தபோது பன்னிரண்டு நாள் கழிந்துவிட்டது. அறிக்கையில் வந்தது ஒரே வரி: ஆறிய மெல்லிய கீறல், காரணம் சொல்ல முடியாது. அந்த வெட்டுத்தான் அவருடைய முழு வழக்கும். அதை அவரே ஆற்றிவிட்டார்.

ஆகவே எப்போதும் சொல்வதை இன்னொரு தடவை சொல்கிறேன். ஆபத்து தெரிந்ததும் பொலிஸுக்கு 119. காயம் பட்டால் அம்புலன்ஸுக்கு 1990 அல்லது நேரே அரச ஆஸ்பத்திரி. உடைந்த தாழ்ப்பாளைத் திருத்தாதீர்கள், இரத்தக்கறை பட்ட சட்டையைத் தோய்க்காதீர்கள். சுட்டவரை ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் வீரன் என்கிறது, மறுபக்கம் கொலைகாரன் என்கிறது. அந்த நேரத்தில் அவருக்கு உயிர்ப்பயம் இருந்ததா, அது நியாயமான பயமா என்பதை இரண்டு பக்கமும் கேட்பதில்லை. நீதிமன்றம் அதைத்தான் கேட்கும்.

இரவில் வீடு உடைத்து வந்த கள்ளனைச் சுடலாம் என்று சட்டம் சொல்கிறதாமே? (மட்டக்குளி)

அரைகுறையாகக் கேட்டிருக்கிறீர்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 96ஆம் பிரிவில் இரவில் வீடுடைத்தல், கொள்ளை, குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல் எல்லாம் இருக்கின்றன. அந்த நிலையில் உயிர் போகும் அளவுக்கும் உரிமை நீளலாம். ஆனால் 92ஆம் பிரிவைத் தாண்டி அல்ல. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. 98ஆம் பிரிவையும் வாசியுங்கள்: வீட்டுக்குள் அத்துமீறல் நடந்துகொண்டிருக்கும் வரைக்கும்தான் உரிமை. மதில் பாய்ந்து ஓடுகிறவனைச் சுட்டால் குண்டு முதுகால் நுழையும். பிரேத பரிசோதனை அறிக்கையில் 'முதுகு' என்ற சொல் வந்த பிறகு நான் என்ன வாதாடுவது?

கெட்ட வார்த்தையால் ஏசியவனை அடித்தால் தற்பாதுகாப்பு ஆகுமா? (கொட்டாஞ்சேனை)

ஆகாது.

ஓட வழி இருந்தும் ஓடாமல் நின்று திருப்பித் தாக்கலாமா? (பம்பலப்பிட்டி)

புளோரிடா 2005இல் 'பின்வாங்கத் தேவையில்லை' என்று சட்டமே போட்டது. நம் சட்டக்கோவை ஓடு என்றும் சொல்லவில்லை, நில் என்றும் சொல்லவில்லை. பொலிஸாரின் உதவியை நாட அவகாசம் இருந்தால் உரிமை இல்லை என்றுதான் சொல்கிறது. அவகாசம் இருந்ததா என்று கேட்கும்போது நீங்கள் நின்ற இடம், வாசல், வெளிச்சம் எல்லாவற்றையும் நீதிபதி பார்ப்பார். மறுபடியும் 119.

மாமா மேல் கொலை வழக்கு. தற்பாதுகாப்பு என்று சொன்னால் தப்பலாமா? உடனே பதில் தேவை. (தெஹிவளை)

யார் முதலில் தாக்கியது, எதனால், எத்தனை காயம், மாமா பொலிஸில் என்ன சொன்னார் என்று ஒன்றுமே எழுதவில்லை. நான் எதை வைத்துப் பதில் சொல்வது? ஒரு மனிதரின் உயிர்ப் பிரச்சினையை ஒன்றரை வரியில் எழுதாதீர்கள். குற்றப்பத்திரிகையின் பிரதியோடு ஒரு சட்டத்தரணியிடம் போங்கள், இன்றைக்கே.

உண்மையிலேயே உயிருக்கு ஆபத்து இருந்தது, ஆனால் அளவு மீறிவிட்டது. அப்போதும் கொலையா? (வத்தளை)

நல்ல கேள்வி. 294ஆம் பிரிவின் இரண்டாவது விதிவிலக்கு இதற்குத்தான் இருக்கிறது. முன்கூட்டிய எண்ணம் இல்லாமல், நல்லெண்ணத்தோடு தற்பாதுகாப்பின் எல்லையைத் தாண்டியிருந்தால், அது கொலை என்ற மட்டத்துக்கு எட்டாத ஆட்கொலை. கொலைக்கு 296இன் கீழ் மரண தண்டனை. 1976க்குப் பிறகு அதை இங்கே நிறைவேற்றவில்லை என்றாலும், தீர்ப்பாக இன்றும் விதிக்கிறார்கள். எல்லை மீறிய வழக்குக்கு 297இன் கீழ் 20 ஆண்டு வரை சிறை. இந்த வித்தியாசம் பெரும்பாலும் கடைசி அடியில்தான் இருக்கும். விழுந்து கிடந்தவனை ஏன் இன்னொரு தடவை அடித்தீர்கள் என்று கேட்பார்கள். அதற்கு உண்மையான பதில் வேண்டும்.

அனுமதிப்பத்திரம் இல்லாத துப்பாக்கியால் உயிரைக் காப்பாற்றிக்கொண்டால்? (கிராண்ட்பாஸ்)

இரண்டும் இரண்டு வழக்கு. கொலைக் குற்றச்சாட்டிலிருந்து தப்பினாலும் துப்பாக்கி வைத்திருந்ததற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும்.

பொலிஸார் 'தற்பாதுகாப்புக்காகச் சுட்டோம்' என்றால் அதற்கு வேறு சட்டமா? (மருதானை)

தற்பாதுகாப்பு என்று சொன்னால் அவர்களுக்கும் அதே சட்டக்கோவைதான். ஆயுதத்தைக் காட்டக் கூட்டிப்போன இடத்தில் சந்தேகநபர் இறந்தார் என்ற செய்தியை எத்தனை தடவை வாசித்துவிட்டோம்! கையில் விலங்கு இருந்ததா, எத்தனை அடி தூரத்தில் சுட்டார்கள் என்ற கேள்விகளை நீதவானின் மரண விசாரணையிலேயே கேட்க வேண்டும். இறந்தவரின் குடும்பம் அங்கே ஒரு சட்டத்தரணியோடு போய் நிற்கட்டும். எந்தக் குற்றம் செய்தவன் என்றாலும், அவனைச் சாகடித்தது நியாயமா என்று கேட்கும் உரிமை அவன் தாய்க்கு உண்டு.

கொலைச் சந்தேகத்தில் நீதவான் நீதிமன்றத்தில் பிணை கிடைக்குமா? (கொள்ளுப்பிட்டி)

கிடைக்காது. மேல் நீதிமன்றத்துக்குப் போங்கள்.